எக்காளமும் இழுவையும்

எங்கள் குழுவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்காளம் என்போம். டிரம்பெட் ஊதுகிறவள் என்பதால் பாதிப் பெயர் வந்தது. மீதி அவள் சிரிப்பால் வந்தது. நாடக அரங்கில் மேடைக்கு முன்னால், தரைக்குக் கீழே, வாத்தியக்காரர்கள் உட்காருவதற்கு ஒரு பள்ளம் உண்டு. அங்கே யாராவது எதையாவது கிசுகிசுத்தால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவள் சிரித்தால் பால்கனியின் கடைசி வரிசை திரும்பிப் பார்க்கும். மேடையில் ஒருத்தன் செத்துக்கொண்டிருப்பான். எங்கள் வாசிப்பை வழிநடத்துகிற நடத்துனர் கையில் இருக்கும் கோலாலேயே அவளைக் குத்திவிடுவதுபோல முறைப்பார். அவளோ டிரம்பெட்டுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்குவாள்.

அவள் கணவருக்கு இழுவை என்று பெயர். டிராம்போன்காரர். குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற வாத்தியம் அது. அதற்காக மட்டும் அந்தப் பெயர் வரவில்லை. மனிதர் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். பல வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவே இல்லையாம்.

"கடைசில நானேதான் கேட்டேன். இவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிருக்கும்" என்பாள் அவள்.

நான் கிளாரினெட். அவர்களுக்கு நேர் முன்னால் என் இடம். அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா ஆனார்.

அக்காவிடம் இரண்டு வாத்தியங்கள் இருந்தன. ஒன்று டிரம்பெட். இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பருத்த, குரல் மிருதுவான ஃப்ளூகல்ஹார்ன். பித்தளை வாத்தியத்தில் ஊதுகிறவரின் உதடு அதிர்வதுதான் ஒலி. அந்த உதடு போய் உட்காருகிற இடம் மவுத்பீஸ். கழற்றி மாட்டக்கூடிய சின்ன உலோகக் கிண்ணம், சுற்றிலும் விளிம்பு, நடுவில் குழி. ஒரு வாத்தியம் ஊதுகிறவருக்கே சரியான மவுத்பீஸ் அமைவது பெரிய பாடு. இரண்டு ஊதுகிறவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டாம். அக்கா இளவயதில் கடைசல்காரர் பட்டறையில் பழியாய்க் கிடந்து தனக்கென்று ஒரு ஜோடி செய்துகொண்டாள்.

"விளிம்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். குழி மட்டும் இதுக்கு மேலாக்க, அதுக்கு ஆழம். எந்த வாத்தியத்துல இருக்கோம்னே உதட்டுக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பாடிட்டுப் போகும்" என்று எனக்கு விளக்கினாள். "மாப்பிள்ளை பாக்கறப்பகூட நான் இவ்வளவு யோசிக்கலை, தெரியுமா?"

"அது தெரியுது" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல், குழாய்க்கு எண்ணெய் போட்டுக்கொண்டே.

அவருக்கு வாத்தியமும் ஒன்று, மவுத்பீஸும் ஒன்று. வெள்ளிப் பூச்சு தேய்ந்து உள்ளிருந்த மஞ்சள் தெரிகிற பழைய மவுத்பீஸ். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நடமாடுவார், சூடாக இருக்க வேண்டும் என்று.

ஒரு நாள் காலை அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருந்தது. கண் மூடவில்லை, புருவம் ஏறவில்லை, வாயோரம் சரிந்து கிடந்தது. அக்கா முதலில் ஏதோ சேட்டை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

நரம்பில் வீக்கம், பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும், பொறுமை வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். தூங்கும்போது கண்ணை ஒட்டி மூடுவதற்கு ஒரு நாடா கொடுத்தார்.

பேச்சும் கெட்டது. உதட்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய எழுத்துகள் அவருக்கு வரவில்லை. 'ப' காற்றாகப் போனது, 'ம' மூக்கோடு நின்றது. மற்றவர் முகத்தில் பரிதாபத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த எழுத்துகள் உள்ள சொற்களையே விட்டுவிட்டார். முன்பே நிதானமாகப் பேசுகிறவர். இப்போது ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வெகுநேரம் சும்மா இருப்பார்; பிறகு சொற்களைப் பொறுக்கி எடுத்து வைப்பார். கேட்கிறவருக்கு அது தெரியாது, ஏதோ யோசனையில் இருக்கிறார் என்றுதான் தோன்றும். அக்காதான் கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள்.

"சாப்பிட்டியான்னு என்னை இப்பல்லாம் கேக்கறதே இல்லை. தின்னியாங்கறாரு. எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது."

டிராம்போன் நாற்காலி காலியாகக் கிடந்தது. புது நாடகம் தொடங்க இருந்தது. நடத்துனர் ஒத்திகை முடிந்ததும் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாள்தான்மா காலியா வைக்கிறது? ஆள் பாக்கணும்."

"நான் ஊதறேன்."

"டிராம்போனா? நீயா?"

"ரெண்டையும் ஊதறேன். ரெண்டும் சேந்து வர்ற இடத்துல டிரம்பெட்டை அந்தப் பையன் பாத்துக்கட்டும். மத்த இடத்துல நான் மாத்தி மாத்தி எடுத்துக்கறேன். நீங்க நோட்ஸைக் கொஞ்சம் வெட்டி ஒட்டிக் குடுங்க, போதும்."

அவளுக்குப் பின்னால் இரண்டாவது டிரம்பெட் ஊதுகிறவரைத்தான் பையன் என்றாள். அந்தப் பையனுக்கு ஐம்பது வயது.

வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். "உங்க நாற்காலில வேற எவனாவது உக்காந்தான்னா திரும்ப வாங்கறது கஷ்டம். நான் உக்காந்தா, எழுந்திருடின்னு சொன்னா எழுந்துடுவேன். அவ்வளவுதான்."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தார். "உனக்குக் கை எட்டாது" என்றார்.

"எட்டற வரைக்கும் எட்டட்டும்."

மவுத்பீஸ் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். டிராம்போனின் மவுத்பீஸ் டிரம்பெட்டினுடையதைப்போல ஒன்றரை மடங்கு அகலம் இருக்கும். கடைசல்காரர் தாடையைச் சொறிந்தார்.

"அவ்வளவு பெரிய வட்டத்துக்குப் பழகினா, டிரம்பெட் ஊதற உதடு தளந்து போயிடும்மா. நடுவாந்திரமா ஒண்ணு கடைஞ்சு தரேன். டிராம்போன்லயும் மாட்டலாம், உன் உதட்டுக்கும் அவ்வளவு தூரமா இருக்காது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. விளிம்பை மாற்றாமல் இரண்டு வாத்தியம் ஊதிப் பழகியவளுக்கு அது இன்னும் நியாயமாகப் பட்டது. அந்த நடுவாந்திர மவுத்பீஸோடு வீட்டில் பழக ஆரம்பித்தாள். மாமா சமையலறையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கேட்டார்.

"இது என்னோட குரல் இல்லை" என்றார். "உன்னோடதுக்கு என் சட்டையைத் தச்சு விட்டிருக்க."

அவள் சிரித்தாள். கேட்கவில்லை.

நாடகம் தொடங்கிய வாரத்திலேயே அது நடந்தது. இரண்டாம் பாகத்தில், மகனைத் தேடிப் போய்த் திரும்பிய ஒரு தாய் வீட்டுக் கதவைத் திறக்கும் இடம். அதற்கு முன்னால் டிராம்போன் தாழ்ந்த குரலில் வரும். பிறகு மேடை முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் டிரம்பெட் தனியாக, மெதுவாக, உயரத்தில் ஒரு சுரத்தைத் தொட வேண்டும். அக்கா டிராம்போனை இறக்கி வைத்தாள், டிரம்பெட்டை எடுத்தாள், மூச்சை இழுத்தாள். உதட்டுக்குத் தான் எந்த வட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. வந்தது வாத்து கத்துகிற சத்தம்.

இருட்டில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மேடையில் அந்த நடிகை கதவில் கை வைத்தபடி நின்றாள். அவள் தோள் இறங்குவதை நான் பார்த்தேன். எங்கள் பள்ளத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாமா பெட்டியைத் திறந்து தன் பழைய மவுத்பீஸை எடுத்து அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

"இந்தா. ரெண்டு ஒரே கணக்கா இருந்தா உதடு தடுக்குது. நல்லா வித்தியாசத்தைக் காட்டிட்டா அது தானாத் தெரிஞ்சுக்காதா?"

"உங்களுக்கு வேணுமே!"

"நான் கேட்டா குடு."

அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஃப்ளூகல்ஹார்ன் டிரம்பெட்டுக்குத் தங்கை. ஒரே விளிம்பு போதும். டிராம்போன் வேறு குடும்பம். முதல் சில வாரம் அந்தப் பெரிய வட்டத்துக்குள் அவள் உதடு திக்குத் தெரியாமல் கிடந்தது. ஆனால் டிரம்பெட்டை எடுத்தவுடன், வெளியூர் போய் வந்தவர் தன் கட்டிலில் விழுகிற மாதிரி, அதன் இடத்துக்குச் சரியாகத் திரும்பிவிட்டது.

குழாயை இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டிரம்பெட்டில் பொத்தானை அழுத்தினால் போதும். டிராம்போனில் எந்தச் சுரம் எங்கே என்று கைதான் அறிய வேண்டும். அதற்கு மாமா ஒரு உபாயம் செய்தார். நான் ஒரு ஞாயிறு மதியம் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து டிராம்போனைத் தாங்கி ஊதுகிறாள். மாமா அவள் வலது பக்கத்தில் குனிந்து நின்று குழாயை இழுக்கிறார். உதடு அவளுடையது, கை அவருடையது. எந்தச் சுரம் என்று அவர் சொல்லவில்லை. குழாய் நகர்ந்தவுடன் அவள் அதற்கேற்ப உதட்டை மாற்றிக்கொண்டாள். ஒரு தாலாட்டு மாதிரியான மெட்டு. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

இன்னொரு நாள் கீழ்வீட்டு அம்மா படியில் என்னை நிறுத்திக் கேட்டாள். "சாருக்குச் சரியாயிடுச்சா? பழைய மாதிரியே கேக்குதே!"

அதை நான் மேலே போய்ச் சொன்னபோது மாமாவின் வலது பாதி முகம் மலர்ந்தது. அவர்கள் கல்யாண வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான் என்று அக்கா பின்னால் சொன்னாள். நோய் வந்த வீட்டில் அப்படிச் சொல்லலாமா என்று கூசிக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அவள் கை தானாகவே இடங்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தது. குழாய் அவர் இழுப்பதற்கு முன்னால் நகர்ந்தது.

"விடுங்க, விடுங்க, எனக்கே வருது!" என்று கத்தினாள். சைக்கிள் பழகுகிற பிள்ளை, பின்னால் பிடித்திருக்கிறவரிடம் கத்துகிற அதே குதூகலம்தான்.

அவர் விட்டார். சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு தொட்டியில் கிடந்த டீ கோப்பைகளைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அவள் டிராம்போனை எடுத்தால் அவர் செருப்பை மாட்டினார். டிரம்பெட் ஊதினால் வீட்டில் இருப்பார். டிராம்போன் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டால் ஏதாவது வாங்கி வரக் கிளம்புவார். தேவையில்லாத பல்பும் தீப்பெட்டியும் வீட்டில் சேர்ந்தன. அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு கேட்கப் பயந்தாள்.

முகம் பாதிதான் திரும்பியது. கண் மூடியது, கன்னம் கொஞ்சம் அசைந்தது. வாயோரம் வரவில்லை. இனிமேல் பெரிதாக மாறாது என்று மருத்துவர் சொன்ன வாரம், அக்கா தன்னிடமிருந்த மவுத்பீஸ் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் கொட்டினாள். கடைசல்காரரிடமிருந்தும் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தாள். அகல விளிம்பு, ஒல்லி விளிம்பு, ஆழக் குழி, மேலாக்கக் குழி, நடுவாந்திரம். ட்யூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்துக்கு மாட்டுகிற, முட்டை வைக்கும் கிண்ணம் மாதிரியான ஒன்றுகூட இருந்தது. ஏதாவது ஒன்றில் வாயோரத்து ஓட்டை அடைபடாதா என்று பார்த்தார்கள். வலப்பக்கம் ஒதுக்கி வைத்துப் பார்த்தார்கள், மேலே ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போனது.

கடைசியில் அக்கா தன் இரண்டு விரலால் அவர் வாயோரத்தை அழுத்திப் பிடித்தாள். "இப்ப ஊதுங்க."

வந்துவிட்டது. டிராம்போனின் அசல் குரல். அறை நிறைந்தது. ஒரு மூச்சு நீளம் அப்படியே நின்றது. பிறகு அவள் விரல் எச்சிலில் வழுக்கியது, குரல் கிழிந்தது.

"இன்னொரு தரம்" என்றாள் அவள், அழுதுகொண்டே சிரித்து.

அவர் டிராம்போனை மடியில் கிடத்தினார். "ரெண்டு ஆள் ஊதற கருவிக்கு எங்கடி நாற்காலி இருக்கு?" என்றார். அதோடு சரி. அதன் பிறகு அவர் எதையும் வாயில் வைக்கவில்லை.

அந்த நாடகப் பருவம் முடிந்தபோது நடத்துனர் இரண்டு இடத்தையும் அக்காவுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். அந்த ஊரிலேயே அப்படி இரண்டையும் சுத்தமாக ஊதுகிற ஆள் வேறு இல்லை. அக்கா அன்று வீட்டுக்குப் போகப் பயந்து என்னோடு பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு மவுத்பீஸ்ல நான் ஊதறதுதான் அவருக்கு ஆகலை. அதான் வெளில ஓடறாரு. அதைத் திருப்பிக் குடுத்துட்டு எனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கப் போறேன்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

கடைசல்காரர் அச்சு அசலாக அதே அளவில் ஒன்று செய்து தந்தார். மாமாவினுடையதை அவள் துடைத்து, மெத்தென்ற துணியில் சுற்றி, அவர் சட்டைகள் இருக்கும் இழுப்பறையில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என் கிட்ட இருந்ததுல இது ஒண்ணுதான் தினசரி வேலை செஞ்சுது" என்றார். "இதைக் கூட வீட்டுல உக்கார வச்சிட்டியே."

அக்காவுக்குப் பொங்கிவிட்டது. அவ்வளவு நாள் கேட்கப் பயந்ததை அப்போது கேட்டாள். "அப்ப நான் ஊதறப்பல்லாம் ஏன் எழுந்து போறீங்க? மோசமா ஊதறேனா? உங்க பேரைக் கெடுக்கறேனா? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

அவர் வழக்கம்போல சொற்களைத் தேடி நின்றார். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை.

"நீ நல்லா ஊதற" என்றார். "அதான்."

மோசமாக ஊதுகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியுமா? வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கோபப்பட்டார், அதுவரை அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அவரது மவுத்பீஸையே மறுபடி எடுத்துக்கொண்டாள். அவர் வாசல்வரை வந்து, அது அவள் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்து வழியனுப்பினார். ஆனால் அவள் ஊத உட்கார்ந்தால் செருப்பை மாட்டுவதும் நிற்கவில்லை. இரண்டுமே உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அவருடைய தங்கைக்குப் பக்கத்து ஊரில் பூட்டு, சாவிக் கடை. கை உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. சண்டை ஒன்றுமில்லை. அக்கா தினமும் தொலைபேசியில் பேசுவாள். உதடு சேராத பேச்சு தொலைபேசியில் இன்னும் குழறும். அதனால் அவள் பேச, அவர் "சரி", "ஆகட்டு" என்பார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால், "தெரியலை" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை அக்கா அங்கே போனாள். அன்று மதியமே ஆட்டம் இருந்தது. நேரே அரங்குக்குத்தான் வந்தாள். ஆடை மாற்றும் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டிரம்பெட்டில் எண்ணெய் விட்டபடி சொன்னாள்.

"கடை சின்னதுதான். சுவர் பூரா சாவி. கடையறப்ப அந்த மெஷின் போடற சத்தத்துல பேச்சே வேண்டாம். நான் எதிர்ச்சாரில நின்னு கொஞ்ச நேரம் பாத்தேன். நாத்தனார் என்னவோ சொன்னா, அவரு சிரிச்சாரு. பாதி வாய்லதான். ஆனா நல்லாச் சிரிச்சாரு. நம்ம வீட்டுல அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

"உள்ள போகலையாக்கா?"

"போனேனே. நல்லாத்தான் பேசினாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. வீட்டுச் சாவி சரியாவே திரும்ப மாட்டேங்குதுன்னு சொன்னேன். வாங்கிப் பாத்தாரு, தேஞ்சு போயிருக்கு. உடனே தன் பையிலேருந்து அவரோட வீட்டுச் சாவியை எடுத்தாரு. அதை மாதிரிக்கு வச்சு எனக்குப் புதுசா ஒண்ணு கடைஞ்சாரு. பிசிறு தட்டி, ஊதி, துணில துடைச்சு..."

அவள் டிரம்பெட்டின் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். மூன்றும் சரியாக இறங்கி ஏறின.

"துடைச்சுட்டு?"

"ரெண்டையும் என் கையில வச்சாரு. புதுசையும், அவரோடதையும். 'இனி சிக்காது'ன்னாரு."

நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

"தொடாத. இப்ப அழுதேன்னா உதடு வீங்கிடும். ஆட்டம் முடியட்டும்."

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. டிராம்போன் வரும் இடத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகிலேயே கேட்டேன். எந்தக் குறையும் இல்லை. டிரம்பெட்டுக்கு மாறினாள், அதிலும் இல்லை. திரை விழுந்தது, கைதட்டல் ஓய்ந்தது, ஜனங்கள் வெளியே வெயிலுக்குள் போனார்கள். அக்கா மூன்று வாத்தியத்திலும் தேங்கிய நீரை வடித்தாள், ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகுதான் அழுதாள். பையன் என்று அவள் கூப்பிடும் அந்த ஐம்பது வயதுக்காரர் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். நடத்துனர் படியில் ஏறப் போனவர் அப்படியே திரும்பி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.